ஹூஷங் கானின் நாலு மில்லிமீட்டர்

மேல் வீட்டு ஹூஷங் கான் செத்தா சொர்க்கத்துக்குப் போவாரா, நரகத்துக்குப் போவாரான்னு எனக்குத் தெரியாது. எங்க போனாலும் வாசல்ல நின்னு முதல்ல தரையைத்தான் பார்ப்பார். அதுல சந்தேகமே இல்ல.

நான் ஃபரங்கீஸ், மரியாதையா கூப்பிட்டா ஃபரங்கீஸ் கானூம். அவரோட தரைதான் என்னோட கூரை. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. தெஹ்ரான்ல இந்தக் கட்டடத்து ரெண்டாவது மாடியில காலை நீட்டிக் கிடக்கலாம்னு வந்தேன். நிம்மதியாம் நிம்மதி! மேல அவர் மரத்தரை போட்ட ஒரு மாசம் பூரா என் தலைமேல ரம்பம் ஓடுச்சு. போட்டு முடிச்சதும் சத்தமே இல்லாமப் போச்சு. அது அதைவிட மோசம். அஞ்சு பேர் வந்து போற வீட்டுல ஆள் நடக்கிற சத்தமே கேக்கலைன்னா, கீழ இருக்கிறவ என்னன்னு நினைக்கறது?

ஹூஷங் கான் மலாயர்ங்கற சின்ன ஊர்க்காரர். பிறப்புப் பதிவு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவர். பேர்ல ஒரு புள்ளி மாறியிருந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பிடுவாராம். அதை என்னவோ பதக்கம் வாங்கின மாதிரி சொல்லுவார். இன்னொரு கதையும் சொல்லுவார். யார் வந்தாலும் சொல்லுவார். நானே நாப்பது தடவை கேட்டிருப்பேன். இருபத்திநாலு வயசுல, மேலதிகாரி வீட்டுக்கு ஒரு ஃபைல் கொண்டு போனாராம். அந்த வீட்டுல மரத்தரை, கண்ணாடி மாதிரி மின்னுமாம். வேலைக்காரி, "ஷூவ கழட்டிட்டு வா"ன்னுட்டா. இவர் கழட்டினார். சாக்ஸ்ல ஓட்டை.

"கட்டைவிரல் வெளிய எட்டிப் பார்க்குது, ஃபரங்கீஸ் கானூம். அதிகாரியோட பொண்ணுங்க ரெண்டு பேரும் சோபாவுல விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு."

நம்மளா இருந்தா என்ன பண்ணுவோம்? போய் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்குவோம். இந்த மனுஷன் முப்பத்தஞ்சு வருஷம் காத்திருந்து மரத்தரை வாங்கினார்.

வாங்கினதையாவது சும்மா வாங்கினாரா? ஒரு வருஷம் கடை கடையா அலைஞ்சார். சாம்பிள் துண்டுகளைக் கொண்டு வந்து பால்கனி வெயில்ல ஒண்ணு, ரேடியேட்டர் மேல ஒண்ணுன்னு வெச்சார். சாவிக்கொத்தைப் போட்டுப் பார்த்தார், டீயை ஊத்திப் பார்த்தார், நகத்தால கீறி லென்ஸ் வெச்சுப் பார்த்தார். கடைக்காரர் நல்ல மனுஷர், பொறுமையா சொல்லிக் குடுத்தார். முழு மரம் வேண்டாம், நம்ம ஊர் வறட்சிக்கு முறுக்கிக்கும். அடியில பிளைவுட்டைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, மேல அசல் மரத்தை ஒட்டினது போதும், அசையாம கிடக்கும். அந்த மேல் மரம் நாலு மில்லிமீட்டர் இருக்கட்டும், பின்னாடி ரெண்டு தடவை இழைச்சுப் புதுசாக்கிக்கலாம். எல்லாம் நியாயமான பேச்சு. கடைசியா அவர் சொன்னாராம், "வெளிர் ஓக் மரம் எடுங்க ஐயா. மினுமினுப்பு இல்லாம, கொஞ்சம் சொரசொரப்பா. கீறினாலும் தெரியாது, தூசியும் தெரியாது. வீட்டுல மனுஷங்க இருக்காங்கல்ல?"

நம்ம ஆள் கை காட்டினது கருப்பு வால்நட். வழுவழுன்னு, முகம் பார்க்கலாம். ஒரு முடி விழுந்தா வாசல்லேர்ந்து தெரியும்.

"தரையை நீங்க குடுங்க, மனுஷங்களை நான் பார்த்துக்கறேன்"னாராம்.

பார்த்துக்கிட்டார். அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கினதும், மரம் வீட்டுக் காத்துக்குப் பழகணும்னு ஹால் நடுவுல ரெண்டு வாரம் கிடத்தினார். கடைக்காரர் சொன்னது மூணு நாள். காலைல எழுந்து பல் விளக்கறதுக்கு முன்னாடி பெட்டி பக்கத்துல ஈரப்பத மீட்டரை வெச்சுப் பார்ப்பார். அவர் பொண்டாட்டி தூரான் என்கிட்ட வந்து அழாத குறை. "எனக்கு நிமோனியா வந்தப்ப ஒரு தடவை நெத்தியத் தொட்டுப் பார்த்தாரா கேளு! அந்தப் பெட்டிங்களுக்கு மணிக்கொரு தடவை காய்ச்சல் பார்க்கறார்!"

தரை போட்டப்புறம் சட்டம் வந்துச்சு. புது வருஷத்துக்கு முன்னாடி வீடு பூரா வாளி வாளியா தண்ணி ஊத்தித் தள்ளிக் கழுவுறவ தூரான். அவ கையில ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் பிழிஞ்ச துணியும் குடுத்தார். கோடையில தண்ணி கூலர் போடக்கூடாது, ஈரக் காத்துல மரம் உப்பிடும். குளிர்காலத்துல ஹீட்டர் காத்துல மரம் சுருங்கி இடுக்கு விடும், அதனால நீராவி மெஷின் ஓடிக்கிட்டே இருக்கணும். வேர்வை குடும்பத்துக்கு, சொகுசு மரத்துக்கு! வெயில் பட்டா நிறம் மங்கும்னு திரைச்சீலையை இழுத்து மூடிட்டார். நாற்காலிக் காலுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டினார். வாசல்ல எட்டு ஜோடி வீட்டுச் செருப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்கும்.

எல்லாத்தையும்விட கொடுமை, தூரானோட கம்பளம். கல்யாணத்துக்கு அவ அப்பா குடுத்த காஷான் கம்பளம். அது கிடந்தா அடியில இருக்கிற மரம் வேற நிறமாயிடும்னு சுருட்டி, பேஸ்மெண்ட் ஸ்டோர்ல சைக்கிளுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவுல நிறுத்திட்டார். ஒரு வாரம் கழிச்சு, நாலு பேர் இருக்கிறப்ப தூரான் சொன்னா.

"மிதிக்க மிதிக்க என் கம்பளத்துக்கு மதிப்பு ஏறும். மிதிச்சா மதிப்பு இறங்கற சாமானை வீடு முழுக்கப் பரப்பி வெச்சிருக்கார் இவர்."

இவ்வளவு பண்ணினவர், விருந்தாளியை ஷூ கழட்டச் சொல்லுவார்னு நினைக்காதீங்க. ஒரு நாளும் சொன்னதில்ல. அதுதான் எங்க ஜனங்க. கதவைத் திறந்ததும், "ஐயோ, கழட்டாதீங்க! என் உயிர் மேல ஆணை, கழட்டாதீங்க! உங்க காலடி எங்க கண்ணு மேல!"ன்னு கத்துவார். வாய் அப்படிச் சொல்லும், கண்ணு ஷூ மேலயே இருக்கும். வந்தவங்களும் "இல்ல இல்ல, இருக்கட்டும்"னு குனிஞ்சு கழட்டிடுவாங்க. மூணு தடவை இவர் வேண்டாம்பார், மூணு தடவை அவங்க பரவால்லம்பாங்க, கடைசியில வீட்டுச் செருப்பு மாட்டிக்கிட்டு உள்ள வருவாங்க. இந்த ஊர்ல பொறந்த எவனும் அந்தப் பேச்சை நெசம்னு எடுத்துக்க மாட்டான்.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, கோல்னார். ஆய்வுக்கூடத்துல வேலை, முப்பத்துமூணு வயசு. அப்பா பார்த்த நாலு மாப்பிள்ளையையும் வேண்டாம்னுட்டா. போன குளிர்காலத்துல அவளே ஒருத்தனைச் சொன்னா. காவேன்னு பேர், பக்கத்து ஊர் கரஜ்ல அம்மாவோட இருக்கான், அப்பா இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் பையனும் பொண்ணு கேட்டு வர்றதா ஏற்பாடு. பெரியவங்கன்னு பக்கத்துல உக்கார ஆள் வேணும்னு தூரான் என்னையும் கூப்பிட்டா. முதல் நாள் நான் அங்கதான் ஆப்பிள் துடைச்சுக்கிட்டிருந்தேன். கோல்னார் வந்து அப்பா முன்னாடி நின்னா.

"பாபா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காவேயோட அம்மாவை ஷூ கழட்டச் சொல்லாதீங்க."

ஹூஷங் கானுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நான் எப்ப யாரைக் கழட்டச் சொன்னேன்? இந்த வீட்டு வாசல்ல அந்த வார்த்தை வந்திருக்கா? ஃபரங்கீஸ் கானூம், நீங்களே சொல்லுங்க!"

"வந்ததே இல்ல," அப்படின்னேன். பொய்யா?

"ஏன்னு கேக்காதீங்க," அப்படின்னா கோல்னார். "அவங்களுக்கு அதைப் பத்திப் பேசினா பிடிக்காது. இந்தச் சம்பந்தம் கெட்டுப் போச்சுன்னா, இனிமே நான் யாரையும் இந்த வாசலுக்குக் கூட்டிட்டு வர மாட்டேன் பாபா. சொல்லிட்டேன்."

"ஆகட்டும், ஆகட்டும்"னுட்டு அவர் மீட்டரைப் பார்க்கப் போயிட்டார்.

வெள்ளிக்கிழமை பனி கொட்டுச்சு. தெருவெல்லாம் உப்பும் மண்ணும் போட்டு சேறாக் கிடந்துது. அஞ்சு மணிக்கு மணி அடிச்சாங்க. காவே கையில நர்கிஸ் பூ, அவன் அம்மா மனீஜே கானூம் கையில ஸ்வீட் பெட்டி. கணக்கு டீச்சரா இருந்தவங்க, நல்ல களை. கணுக்கால் வரைக்கும் தொங்கற கருப்புக் கோட்டு, அடியில கெட்டி லெதர் ஷூ. காவே வாசல்லயே ஷூவ கழட்டிட்டான். நம்ம ஆள் பழக்கதோஷத்துல ஆரம்பிச்சார்.

"வாங்க வாங்க! கழட்டாதீங்க, என் உயிர் மேல ஆணை! உங்க காலடி எங்க கண்ணு மேல!"

"உங்க அன்பு குறையாம இருக்கட்டும்," அப்படின்னுட்டு அந்தம்மா உள்ள வந்துட்டாங்க. ஷூவோட!

ஹூஷங் கான் முகத்தைப் பார்த்திருக்கணும். ரெண்டாவது தடவை சொல்றதுக்குத் திறந்த வாய் அப்படியே நின்னுது. டக்... டக்... டக்... இடது காலுக்கு ஒரு சத்தம், வலது காலுக்கு வேற சத்தம். வலது குதியில இரும்பு லாடம் போல ஒண்ணு இருந்துச்சு. வாசல்லேர்ந்து சோபா வரைக்கும், அந்தக் கருப்புக் கண்ணாடித் தரையில, மரத்துலயே பதிஞ்சு, பிறை பிறையா ஏழு தடம்.

எனக்கு மூணாவது அடியிலேயே தெரிஞ்சு போச்சு. ஒன்பது வருஷம் எலும்பு வார்டுல இருந்தவளுக்குத் தெரியாதா? வலது கால் குட்டை. அந்த ஷூவோட அடிப்பாகம் நாலு விரக்கடை கனம், கோட்டு மறைச்சிருக்கு. அது இல்லாம அவங்களால நேரா நடக்க முடியாது. ஒரு வார்த்தை ஹூஷங் கான் காதுல போட்டிருக்கலாம். போடல. உள்ளதைச் சொல்லிடறேன், அவர் வேர்க்கறதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஒரு மாச ரம்பச் சத்தத்துக்கு இப்பதான் பழி வாங்கறேன்னு உக்காந்திருந்தேன். பாவி நான்.

அவர் சும்மா இருந்தாரா? கழட்டச் சொல்ல மாட்டேன்னுதானே வாக்கு குடுத்தார்! "இந்த வருஷம் தெருவுல உப்பு ஜாஸ்தி போடறாங்க, மரத்துக்கு ஆகாது"ன்னார். அந்தம்மா, "ஆமா, ரோட்டோர மரமெல்லாம் பட்டுப் போகுது"ன்னாங்க. "நான் வீட்டு மரத்தைச் சொல்றேன்"னார். தூரான் அவர் காலை மிதிச்சா. அப்புறம் எழுந்து போய் ஒரு ஜோடி செருப்பைக் கொண்டு வந்து அவங்க காலடியில வெச்சார். "கம்பளி, மெத்துனு இருக்கும். கால் அசதியா இருக்குமே உங்களுக்கு."

"எனக்கு இதுவே சௌகரியம்," அப்படின்னாங்க. காவே தரையைப் பார்த்துக்கிட்டிருந்தான், காது ரெண்டும் சிவந்திருந்துது.

கொஞ்ச நேரத்துல மனீஜே கானூம் கை கழுவ எழுந்தாங்க. தூரான் வழி காட்டினா. டக், டக்னு நடைவழியில போறாங்க. நம்ம ஆள், கடவுளே, பாக்கெட்லேர்ந்து துணியை எடுத்து, முட்டி போட்டு, அவங்க வெச்ச ஒவ்வொரு அடியையும் துடைச்சுக்கிட்டே பின்னாடி ஊர்ந்து போறார்! கோல்னார் அந்த நேரம் பார்த்து டீத் தட்டோட அடுப்படியிலேர்ந்து வந்தா. அந்தம்மா திரும்பிப் பார்த்தாங்க.

மனீஜே கானூம் வாசலுக்குத் திரும்பி வந்து செருப்பு ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்தாங்க. கயித்தை அவிழ்த்தாங்க. முதல்ல இடது, அப்புறம் வலது. அந்த வலது ஷூவ எடுத்து நிமிர்த்தி வெச்சப்ப, அதோட கனமான அடியை எல்லாரும் பார்த்தோம். அப்புறம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு, உசந்து தாழ்ந்து உசந்து தாழ்ந்து, வலது குதி அந்தரத்துல நிக்க, வெறும் சாக்ஸோட சோபா வரைக்கும் நடந்தாங்க. காவே எழுந்து கை குடுக்கப் போனான். வேண்டாம்னு தலையாட்டினாங்க.

"இப்ப சரியா, ஹூஷங் கான்?"

அவர் துணியைப் பிடிச்சபடி அந்த முட்டியிலேயே இருந்தார்.

அந்தம்மா டீயை முழுசாக் குடிச்சாங்க. கோல்னார்கிட்ட வேலையைப் பத்தி அன்பா விசாரிச்சாங்க. "அழகான தரை"ன்னும் சொன்னாங்க. கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கல. அரை மணியில கிளம்பிட்டாங்க.

கதவு சாத்தினதும் கோல்னார் ஈரப்பத மீட்டரை எடுத்து அப்பா மடியில வெச்சா. "பார்த்துக்கோங்க பாபா. எல்லாம் சரியா இருக்கு." அவ்வளவுதான். ரூமுக்குள்ள போனவ பத்து நாள் அவரோட பேசல. காவே போன் பண்ணல.

தூரான்தான் சொன்னா. கத்தல, டீ கிளாஸை அடுக்கிக்கிட்டே சொன்னா. "உங்க கட்டைவிரலைப் பார்த்து அந்தப் பொண்ணுங்க சிரிச்சாங்கன்னு ஒரு ஆயுசு பூரா சொல்லிட்டீங்க ஹூஷங். இன்னைக்கு நம்ம வீட்டுல யாரும் சிரிக்கல. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

நான் வாயைத் திறக்காம கீழ இறங்கி வந்தேன். என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திறக்கறது?

பதினொண்ணாம் நாள் காலைல அவர் என் கதவைத் தட்டினார். ஷேவ் பண்ணல. "ஃபரங்கீஸ் கானூம், கரஜ் வரைக்கும் கூட வர்றீங்களா? தனியாப் போனா வாசல்லேர்ந்தே திரும்பிடுவேன்." போனேன். எனக்கும் அங்க வேலை இருந்துச்சே.

மனீஜே கானூம் வீட்டுல சாதாரண டைல்ஸ். கதவைத் திறந்தவங்க எங்களை ஏற இறங்கப் பார்த்தாங்க. அப்புறம், "வாங்க. ஷூவ கழட்டாதீங்க"ன்னாங்க. குரல்ல தேனும் இல்ல, விஷமும் இல்ல. இவர் கழட்டவா வேண்டாமான்னு வாசல்ல தவிச்ச தவிப்பு இருக்கே! பதிவு ஆபீஸ்ல புள்ளியைத் தேடி ஜனங்களைத் தவிக்க விட்டவர்தானே.

உள்ள உக்காந்ததும் ஆரம்பிச்சார். "நீங்க வெச்ச ஏழு தடத்தையும் நான் எடுக்கல. மெழுகு வெச்சு அடைக்கலாம், இழைச்சும் எடுக்கலாம், மேல் மரம் நாலு மில்லிமீட்டர் இருக்கு, ஆனா நான்..."

"ஹூஷங் கான்," அப்படின்னு நிறுத்தினாங்க. "தரைக்காக வருத்தப்பட வந்தீங்களா, எனக்காகவா?"

அவர் கேவிக் கேவி அழுதார். அழுதுக்கிட்டே அந்தச் சாக்ஸ் கதையைச் சொன்னார். நாப்பத்தோராவது தடவை கேட்டேன். எப்பவும் சிரிக்க வைக்கிற மாதிரி சொல்லுவார், அன்னைக்கு அப்படிச் சொல்லல.

நானும் சொன்னேன். "எனக்கு மூணாவது அடியிலேயே தெரியும் கானூம். வேடிக்கை பார்த்தேன்."

மனீஜே கானூம் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "அப்ப ஒரே கட்டடத்துல இந்த மாதிரி ரெண்டு பேர் இருக்கீங்க," அப்படின்னாங்க. "என் பையன் அந்தப் பொண்ணைக் கட்டிக்கட்டும். அவ நல்லவ. உங்க வீட்டுக்கு நான் வர்றதைப் பத்தி அப்புறம் யோசிக்கறேன்."

ஆனா வந்தாங்க. நிச்சயம் பேச, ரெண்டு வாரம் கழிச்சு. தூரானுக்கு அன்னைக்குப் பெருநாள். பேஸ்மெண்ட்லேர்ந்து காஷான் கம்பளத்தை ஹூஷங் கானே தோள்ல தூக்கிட்டு வந்து வாசல்லேர்ந்து சோபா வரைக்கும் விரிச்சார். மூணு வருஷமா அதுக்காகக் காத்திருந்தவ தூரான். அந்தம்மா வாசல்ல நின்னு பார்த்தாங்க. "அடடா, என்ன வேலைப்பாடு! ஆனா இதைச் சுருட்டிடுங்க, மன்னிச்சுக்கோங்க. மெத்துனு இருந்தா எனக்குக் கால் தடுக்கும். மரம்தான் எனக்கு வசதி."

தூரான் முகம் போன போக்கு! சிரிப்பை அடக்கிக்கிட்டு நானும் காவேயும் சுருட்டினோம். அந்த ஏழு பிறையும் வெளிய வந்துச்சு. மனீஜே கானூம் அதைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க.

"ஷூவ கழட்டட்டுமா, ஹூஷங் கான்?"

அவர் ஆணையெல்லாம் வைக்கல, கத்தல. "வேண்டாம். உங்க காலடி எங்க கண்ணு மேல," அப்படின்னார், மெதுவா. அவங்க நடந்து போய் உக்கார்ற வரைக்கும் அந்தம்மா முகத்தைத்தான் பார்த்தார். தரையைப் பார்க்கவே இல்ல. அவர் கழுத்து நரம்பு புடைச்சிருந்ததை நான் பார்த்தேன்.

இப்ப கல்யாணம் முடிஞ்சு எட்டு மாசம். வெள்ளிக்கிழமைன்னா என் தலைமேல டக், டக்னு கேக்கும். அவங்க கிளம்பினா கார் தெருமுனை திரும்பற வரைக்கும் மேல அமைதி. அப்புறம் காதைத் தீட்டிக் கேட்டா, ஒரு முட்டி தரையில இறங்கற சத்தம், துணி தேய்க்கற சத்தம். திருந்திட்டார்னு நினைச்சீங்களா? கிழிச்சார். ஆனா அவங்க போனப்புறம்தான் தேய்க்கறார். வாசல்லேர்ந்து ஆரம்பிக்கற சத்தம், அந்த ஏழு பிறையில ஒவ்வொண்ணுக்கும் நின்னு, அதைத் தாண்டித்தான் மறுபடி தொடங்கும்.